ஒரு வெட்டு, மூன்று திருத்தங்கள்: வீட்டில் நீளக் கூந்தலைக் குறைத்த ஒரு நிகழ்வு

பின்னணி

இரண்டு சகோதரிகளின் வீட்டில் நடந்தது இது. பெயர்களை விட்டுவிட்டு அக்கா, தங்கை என்றே எழுதுகிறேன். முடி வெட்டுவது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது எல்லாம் நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் நடந்ததை இருவரும் சொன்னதிலிருந்தும், போனில் எடுத்து வைத்திருந்த படங்களிலிருந்தும் கோத்திருக்கிறேன். எழுத இருவரும் சம்மதித்தார்கள், தங்கை கொஞ்சம் தயங்கித்தான்.

அக்காவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. நடுத்தர அடர்த்தி, லேசாக அலை ஓடும் முடி. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பு இருக்கிறதல்லவா, அங்கிருந்து நுனி வரை 72 செ.மீ. இருந்ததாக அவரே டேப்பால் அளந்து குறித்து வைத்திருந்தார். அந்த ஓர் எண் இல்லாமல் இருந்தால் பின்னால் நடந்ததில் பாதி எனக்குப் புரிந்திருக்காது. எப்போதும் இடப்பக்க வகிடு எடுப்பவர். வீட்டில் பின்னல், வெளியே போகும்போது ஒரு கிளிப் மட்டும் போட்டு விரித்துவிடுவார்.

நான்கு ஆண்டுகளாக அந்த முடியில் கத்தரி படவில்லை. அதற்கு முன் ஒரு பார்லரில் "நுனி மட்டும் போதும்" என்று சொல்லி உட்கார்ந்தவர், முதுகின் நடு வரை இழந்து எழுந்திருந்தார். நுனி என்றால் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வெளியே வெட்டிக்கொள்வதில்லை என்று முடிவு.

இந்த நான்கு ஆண்டில் கடைசி 15 செ.மீ. மிகவும் சன்னமாகிவிட்டது. பின்னினால் முடிவில் எலிவால் போல ஆகிவிடும். சிக்கு விழுவதும் அங்கேதான். சீப்பை அங்கே வைத்து இழுக்கும்போது அறுந்து, அறுந்த இடத்தில் மறுபடி பிளந்து, மறுபடி சிக்கு. இருவரும் பேசி 6 செ.மீ. எடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். தீர்மானம் சரியானதுதான், அளவும் நியாயமானது.

நுனி மெலிவதைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. முடி மாதத்துக்குச் சராசரியாக 1 செ.மீ.யோ சற்றுக் கூடவோ வளரும். அப்படியானால் 72 செ.மீ. தள்ளி இருக்கும் நுனிக்கு ஐந்தாறு வயது. அத்தனை ஆண்டு சீப்பு, துண்டு, தலையணை, வெயில் எல்லாம் பட்ட பகுதி அது. முடியின் மேல் ஓடு போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்கள் தேய்ந்துபோனதும் உள்ளே இருக்கும் நார்ப்பகுதி பிரிகிறது. அதைத்தான் நுனிப்பிளவு என்கிறோம். முடித்தண்டு உயிரற்ற பொருள், தானாக ஆறாது. சீரம் தடவினால் பிளவு ஒட்டியதுபோல் இருக்கும், அடுத்த குளியல் வரைக்கும்.

ஆனால் மெலிவு எல்லாமே சேதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தலையில் உள்ள ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி வளர்ச்சிக்காலம். சிலது இரண்டு மூன்று ஆண்டில் உதிரும், சிலது ஆறு ஏழு ஆண்டு நிற்கும். ஆக நீளம் கூடக்கூட அந்த இடம் வரை வந்து சேரும் முடிகளின் எண்ணிக்கை இயல்பாகவே குறைகிறது. நுனியைச் சீராக வெட்டிவிட்டால் அடர்த்தி திரும்பிவிடும் என்று அக்கா நம்பியிருந்தார். மெலிந்த பகுதி போய்விடுவதால் அடர்த்தியாகத் தெரியும், அவ்வளவுதான். வளர்ச்சி நடப்பது வேரில். நுனியை வெட்டிய செய்தி வேருக்கு எட்டுவதில்லை.

முதல் வெட்டு

மாலையில் தலைக்குக் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, பாதி ஈரத்தோடு அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை எல்லா முடியையும் பின்னுக்கு வாரி, பிடரியில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அதை மெதுவாகக் கீழே இழுத்து, நுனியிலிருந்து 6 செ.மீ.க்கு மேலே நிறுத்தினார். பேண்டுக்குக் கீழே கத்தரியை வைத்து வெட்டினார். காகிதத்துக்கும் துணிக்கும் பார்சல் பிரிக்கவும் பயன்படும் வீட்டுக் கத்தரி.

இந்த முறையைப் பலரும் செய்கிறார்கள். எளிமையானது, தானே செய்துகொள்ளவும் முடியும். இதில் மூன்று பலவீனங்கள் உண்டு, மூன்றுமே இங்கே நேர்ந்தன.

முதலாவது, கட்டாகச் சேர்ந்திருக்கும் முடியை மழுங்கிய கத்தரி ஒரே கடியில் அறுக்காது. அலகுகள் மூடும்போது முடி நழுவி நழுவிப் போகும். இவர் நான்கைந்து முறை கடித்துக் கடித்து அறுக்க வேண்டியிருந்ததாம். ஒவ்வொரு கடியும் சற்றே வேறு உயரத்தில் விழுந்திருக்கும்.

இரண்டாவது, பேண்ட் பிடரியின் நடுவில் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு விரல் அளவு தள்ளி இருப்பது தெரிகிறது. கட்டு வலப்பக்கம் இருந்தால் இடப்பக்க முடி அங்கே வந்து சேரக் கூடுதல் தூரம் வர வேண்டும். வெட்டி அவிழ்த்துவிட்டால் அந்தக் கூடுதல் தூரம் இடப்பக்கத்தில் கூடுதல் நீளமாகத் தொங்கும்.

மூன்றாவது, நெற்றியையும் காதோரத்தையும் ஒட்டிய முடி. அது தலையைச் சுற்றிப் பின்னால் வந்து கட்டில் சேர்ந்திருக்கிறது. முதுகில் விரித்துப் போட்டால் மற்றதோடு ஒரே கோட்டில் நிற்கும். தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டால் அந்தச் சுற்று மிச்சமாகி, பின்பக்கத்தைவிட நீளமாகத் தொங்கும். வெட்டியதில் பிழை இல்லாவிட்டாலும் இது நடக்கும், இந்தக் கட்டின் இயல்பு அது.

அவிழ்த்ததும் எடுத்த படத்தில் இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. என் கணிப்பில் வித்தியாசம் 2 செ.மீ.க்குள்தான் இருக்கும். இந்த நிலையில் விட்டிருந்தால், அலை ஓடும் முடியில், பின்னலில், யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது.

மூன்று திருத்தங்கள்

முடி காய்ந்ததும் அக்கா வழக்கம்போல் இடப்பக்க வகிடு எடுத்து விரித்துவிட்டார். கண்ணாடியில் வலப்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பாதி ஈரத்தில் பார்த்ததைவிட வித்தியாசம் பெரிது. தங்கை இடப்பக்கத்தை வெட்டிச் சமமாக்கினார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வகிடு எடுக்காமல் பின்னுக்கு வாரிப் பார்த்தபோது இப்போது இடப்பக்கம் குட்டை. ஆகவே வலப்பக்கத்தை வெட்டினார்கள், ஈரத்தில். அது காய்ந்து, வகிடு எடுத்ததும் மறுபடி வலப்பக்கம் தூக்கியது. மூன்றாவது முறை இடப்பக்கத்தில் கத்தரி வைத்தார்கள். இந்த முறை தங்கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அக்கா தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெட்டி முடித்து நிமிர்ந்ததும் இடப்பக்கம் தெளிவாக ஏறியிருந்தது. எந்த வகிட்டிலும் ஏறியே இருந்தது. தங்கை மறுபடி கத்தரியை எடுக்க, "போதும்டி, கத்தரியைக் கீழே வை" என்றார் அக்கா. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது அது என்பது என் எண்ணம்.

நான் பார்த்தபோது

முதலில் அளந்தேன். நீளக் கூந்தலை அளக்கத் தரைதான் நம்பகமான அடிக்கோடு. தோள் ஏறி இறங்கும், சட்டை நகரும். வெறுங்காலோடு, இரண்டு காலிலும் சம எடை வைத்து நிற்கச் சொல்லி, கண் நேராகப் பார்க்க, வகிடில்லாமல் வாரிய உலர்ந்த முடியின் நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று இடம், நடு, வலம் மூன்றிலும் பார்த்தேன். நடுவும் வலமும் ஏறக்குறைய ஒரே உயரம். இடம் 4 செ.மீ. மேலே. பிடரி எலும்பிலிருந்து நடு நுனி வரை 61 செ.மீ.

72இலிருந்து 61. திட்டமிட்ட 6 செ.மீ.க்குப் பதிலாக நடுவில் 11, இடப்பக்கத்தில் 15. திட்டத்துக்கு மேலே போனதில் பெரும்பகுதி திருத்தங்களில் போனதுதான். முதல் வெட்டு முடியின்மேல் செய்த அநியாயம் மிகக் குறைவு.

அடுத்து வகிட்டைச் சோதித்தேன். நடு வகிடு எடுத்தபோது ஒரு படம், இடப்பக்க வகிடு எடுத்தபோது ஒரு படம், ஒரே இடத்தில் நின்று. இடப்பக்கத்துக்கு வகிட்டை மாற்றியதும் வலப்பக்கத்தின் மேலடுக்கு கண்ணெதிரே ஏறியது. காரணம் எளிது. நடுவுக்கும் இட வகிட்டுக்கும் இடையில் உள்ள முடி, நடு வகிட்டில் இடப்பக்கமாக விழும். வகிடு இடப்பக்கம் போனால் அதே முடி உச்சியைத் தாண்டி வலப்பக்கம் இறங்க வேண்டும். தலையின்மேல் கூடுதல் தூரம் செலவாவதால் கீழே நீளம் குறைந்து தெரியும். முதல் நாள் இரவு அவர்கள் கண்ணாடியில் பார்த்ததில் ஒரு பகுதி உண்மையான கோணல், மறுபகுதி வகிடு. இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். மறுநாள் வகிடில்லாமல் பார்த்தபோது, வெட்டிய மிகை தலைகீழாகத் தெரிந்தது. அதற்கும் ஒரு வெட்டு.

இரண்டாவது திருத்தம் ஈரத்தில் நடந்ததும் சேர்ந்துகொண்டது. ஈர முடி உலர்ந்த முடியைவிட அதிகமாக இழுபடும். பலமாக இழுத்தால் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட நீளக்கூடியது. சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டும்போது அந்த நீட்சியோடு வெட்டுகிறோம். காய்ந்ததும் சுருங்கி, அலை உள்ள இடத்தில் இன்னும் மேலே போகும். அலை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. இவருக்கு வலப்பக்கம் அலை கூடுதல்.

மூன்றாவது திருத்தத்தில் தலைச்சாய்வுதான் காரணம். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்க நுனி கீழே இறங்கி நீளமாகத் தெரியும். இறங்கியதை வெட்டினார்கள். நிமிர்ந்ததும் வெட்டியது முழுவதும் மேலே போனது.

நுனிகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரு வாரமே ஆகியிருந்தும் வெட்டிய முனைகள் சில தட்டையாக நசுங்கி, ஓரிரண்டு நார் பிரியத் தொடங்கியிருந்தன. மழுங்கிய அலகு முடியை அறுப்பதற்கு முன் மடித்து நசுக்கும். அதோடு உள்ளடுக்கில் ஆங்காங்கே படிகள், முதல் வெட்டில் கத்தரி கடித்துக் கடித்து இறங்கிய தடயம்.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. முன்பு சிக்கு விழுந்த, வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்த பகுதி அனேகமாகப் போயிருந்தது. அந்தப் புள்ளிகள் அழுக்கோ பொடுகோ இல்லை, தண்டு நசுங்கி நார் வெளியே வந்த இடங்கள். முடி அங்கேதான் முறியும். அவற்றைத் தாண்டி வெட்டினால்தான் பயன், அதற்குக் கீழே வெட்டினால் வீண்.

வழிகளும் தேர்வும்

மூன்று வழிகள் இருந்தன.

எல்லாவற்றையும் இடப்பக்க உயரத்துக்குக் கொண்டுவந்து நேர்க்கோடாக்குவது முதல் வழி. சுத்தமாக முடியும், ஆனால் நடுவில் இன்னும் 4 செ.மீ. போகும். அக்கா இதைக் கேட்டதும் முகம் மாறியது. எனக்கும் உடன்பாடில்லை. நேர்க்கோடு மிகவும் கறாரானது. அரை செ.மீ. பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். அலை ஓடும் முடியில் அது ஒரு நாள்கூட நேராக நிற்காது. நேர்க்கோட்டைத் துரத்தித்தான் இந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது.

இரண்டாவது, எதையும் தொடாமல் வளரவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை நீளமான பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. நீளம் இழப்பது குறைவு. ஆனால் நசுங்கிய நுனிகள் அத்தனை மாதமும் அப்படியே இருந்து மேல்நோக்கிப் பிளக்கும்.

மூன்றாவது, நேர்க்கோட்டையே கைவிட்டு ஆழமில்லாத யு வடிவம். நடு நீளம், இரண்டு ஓரமும் சற்று ஏறியிருக்கும். இடது ஓரம் ஏற்கனவே ஏறித்தானே இருக்கிறது. வலது ஓரத்தை அதற்கு இணையாக வளைத்துவிட்டால் போதும். நடுவில் நசுங்கிய நுனிக்காக 1 செ.மீ. மட்டும் எடுக்கலாம். பின்னலின் நீளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடு முடிதான் என்பதால் பின்னல் குறைந்ததாகவே தோன்றாது.

இதைத்தான் தேர்ந்தோம். உள்ளடுக்குப் படிகளை மட்டும் இரண்டாவது வழியில் காலத்திடம் விட்டோம். அவற்றைச் சமமாக்கப் போனால் மேலடுக்கும் சேர்ந்து குறையும்.

இடையில் தங்கை ஒரு கேள்வி கேட்டார்: "முன்னாடியே யு ஷேப்னு நினைச்சு வெட்டியிருந்தா?" முதல் வெட்டின் 2 செ.மீ. கோணல் அதில் கரைந்திருக்கும் என்றேன்.

வெட்டிய விதம்

கத்தரி முடிக்கென்றே உள்ளது, ஐந்தரை அங்குலம், வேறெதையும் தொடாதது. இந்த வேலைக்கு ஒரு செலவு செய்வதென்றால் அதில் செய்யலாம். சீப்பு இரண்டு: சிக்கெடுக்க அகலப் பல், கோடு பார்க்க நெருக்கப் பல். எண்ணெய் இல்லாத, கழுவிக் காய்ந்த முடி. எண்ணெய் இருந்தால் கற்றை கற்றையாக ஒட்டி, இல்லாத கோட்டைக் காட்டும். முந்தைய இரவு பின்னல் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், பின்னலின் மடிப்பு அலையோடு சேர்ந்து குழப்பும். அக்கா காலர் இல்லாத வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தார். கரிய முடியின் விளிம்பைப் பார்க்க அது உதவியது.

அக்காவை நிற்க வைத்தேன். இவ்வளவு நீளத்துக்கு நாற்காலி சரிவராது, முதுகுச் சாய்வு முடியைத் தள்ளும். கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். போனைப் பார்க்கக் குனிந்தாலும் நுனிகள் இடம் மாறிவிடும். தலை குனிந்தால் மேலடுக்கு முடிக்கு உச்சியின் வளைவில் தூரம் கூடி மேலே ஏறும். அந்த நிலையில் நேராக வெட்டினால் நிமிர்ந்ததும் மேலடுக்கு அடியடுக்கைவிடத் தாழ்ந்து தொங்கும்.

நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் பிரித்து, பிடரியை ஒட்டிய அடி அடுக்கை மட்டும் கீழே விட்டு மற்றதைக் கிளிப்பில் தூக்கினேன். அடி அடுக்கு மெல்லியதாக, பின்னால் இருக்கும் சட்டை தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். அதை வாரி, இழுக்காமல், இரண்டு விரலுக்கிடையில் முடி தானாக விழும் இடத்திலேயே பிடித்து, நடுவில் 1 செ.மீ. வெட்டினேன். இதுதான் வழிகாட்டிக் கோடு. அங்கிருந்து வலப்பக்கம், ஒரு கடிக்கு 2 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாமல், மெல்ல ஏறும் வளைவாக. இடப்பக்கம் ஏற்கனவே உயரத்தில் இருந்ததால் நசுங்கியதை மட்டும் நீக்கினேன். பிறகு அடுத்த அடுக்கைக் கீழே விட்டு, அதனூடே தெரியும் வழிகாட்டிக் கோட்டோடு சேர்த்து வெட்டுவது. உச்சி வரை இப்படியே.

ஒவ்வொரு அடுக்குக்கும் பின்வாங்கித் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அருகில் நின்றால் எல்லாக் கோடும் நேர்தான்.

காதோர முடியைக் கடைசியில், தோளுக்கு முன்னால் போட்டே வெட்டினேன், ஏனென்றால் அவர் அதை அங்கேதான் போட்டுக்கொள்வார். கட்டில் பிடித்ததால் மிஞ்சியிருந்த நீளம் இங்கே போயிற்று. முடிவில் கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பில் அரை செ.மீ. ஆழத்துக்குச் சிறு சிறு கொத்தல்கள். கோடு மென்மையாகி, மிச்சமிருந்த படிகள் கண்ணில் படாமல் போகும்.

எல்லாம் முடிந்த பிறகே இடப்பக்க வகிடு எடுக்கச் சொன்னேன். வலப்பக்கம் சற்று ஏறியது. தங்கை என்னைப் பார்த்தார். அதற்காக வெட்டவில்லை. வகிடு நாளைக்கே மாறலாம், அதற்கேற்ப முடியை வெட்டினால் அடுத்த வகிட்டில் மறுபடி அதே கதைதான்.

பிறகு நடந்தது

அன்று நடு 60 செ.மீ., ஓரங்கள் இரண்டும் சுமார் மூன்றரை செ.மீ. மேலே. பின்னல் முன்பு இருந்ததைவிடக் குட்டைதான், ஆனால் கடைசி வரை ஒரே பருமனாக வந்தது. சிக்கு குறைந்தது என்று அடுத்த வாரமே அக்கா சொன்னார்.

உள்ளடுக்குப் படிகள் தொல்லை கொடுத்தன. பின்னலிலிருந்து குட்டை முனைகள் பல மாதம் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றை வெட்டிவிடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். துருத்தும் முனையை வெட்டினால் அது இன்னும் குட்டையாகி இன்னும் மேலே துருத்தும். பின்னலை முறுக்கி வெளியே நீட்டும் முனைகளை எல்லாம் வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படி வெட்டுபடுவதில் புதிதாக வளர்ந்துவரும் ஆரோக்கியமான முடியும் இருக்கும். நுனி மெலிந்து, ஊசிபோல் முடிந்தால் புது முடி. மொட்டையாகவோ பிளந்தோ வெள்ளைப் புள்ளியோடோ முடிந்தால்தான் கத்தரிக்கு வேலை. அதையும் வெளிச்சத்தில், ஒற்றை ஒற்றையாக, சேதத்துக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும்.

தங்கை கொஞ்ச காலம் கத்தரியைத் தொடவில்லை. அக்கா தானே பராமரிக்கக் கற்றுக்கொண்டார். அதற்கு நான் சொன்ன முறை இரட்டைக் கட்டு: நடுவில் பிரித்து, இரண்டு பாதியையும் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பேண்ட் போட்டு, நுனி வரை இறக்கி, கீழே கொஞ்சம் மட்டும் வெட்டுவது. பிடரி நடுவில் உள்ள முடி முன்னால் வந்து சேர அதிக தூரம் வர வேண்டியிருப்பதால், அவிழ்த்ததும் நடு நீளமாகவும் ஓரம் குட்டையாகவும் தானாகவே யு விழும். பிடரியில் ஒற்றைக் கட்டுப் போட்டதற்கு நேர் எதிரான விளைவு. பேண்டுகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று தரையிலிருந்து அளந்து பார்க்க வேண்டும், கண்ணாடியை நம்பக் கூடாது. கட்டை மெலிதாகத் தட்டையாக்கி, சிறு கடிகளாக வெட்ட வேண்டும்.

அடுத்த ஓராண்டில் மூன்று முறை இப்படிச் செய்தார், ஒவ்வொரு முறையும் 1 செ.மீ.க்கு மேல் போகவில்லை. மாதத்துக்கு 1 செ.மீ. வளரும் முடியில் மாதாமாதம் 1 செ.மீ. வெட்டினால் நீளம் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதை அவரே கணக்குப் போட்டு இடைவெளியைக் கூட்டிக்கொண்டார். ஓராண்டு முடிவில் நடு 69 செ.மீ. முன்பு 72 இருந்தபோது இருந்த எலிவால் இல்லை.

இடப்பக்கம் இன்னும் ஒரு செ.மீ. அளவுக்கு ஏறியே இருக்கிறது. அதில் கொஞ்சம் அவர் எப்போதும் வலது காலில் எடை வைத்து நிற்பதால் வருவது. இடுப்பு சாய்ந்தால் முதுகுக் கோடும் சாயும், முடி தொங்குவது மட்டும் செங்குத்தாகத்தான். நேராக நிற்கச் சொன்னால் பாதி மறைகிறது. அதைச் சரிசெய்ய அவர் கேட்கவும் இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்த வீட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால், கத்தரியை மாற்றுவதைவிட முக்கியமாக நான் மாற்றச் சொல்வது நேரத்தை. வெட்டிய அன்று திருத்தக் கூடாது. காயவிட்டு, பின்னி, அவிழ்த்து, வழக்கம்போல் இரண்டு மூன்று நாள் நடமாடிவிட்டு, ஒரு குளியலும் முடிந்த பிறகு அளந்து பார்க்கலாம். அப்போதும் கோணல் இருந்தால் அது முடியில் இருக்கிறது. அதற்கு முன் தெரிவது வகிட்டில் இருக்கலாம், நிற்பதில் இருக்கலாம், ஈரத்தில் இருக்கலாம், பார்ப்பவர் பதற்றத்தில்கூட இருக்கலாம்.

திருத்தும்போதும், பார்த்த அதே நிலையில் வெட்ட வேண்டும். உலர்ந்து பார்த்தால் உலர்ந்தே வெட்டு, நின்று பார்த்தால் நின்றே வெட்டு, எந்த வகிட்டில் அளந்தாயோ அதே வகிட்டில் வெட்டு. இவர்களுடைய மூன்று திருத்தங்களில் ஒன்றுகூட முந்தையதன் நிலையில் நடக்கவில்லை. படங்களும் அப்படியே: ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கத்திலிருந்து, ஒன்றில் முடி பாதி தோளில். போனை ஒரே உயரத்தில், இடுப்புக்கு நேராக, அசையாமல் வைத்து எடுத்திருந்தால் இரவில் தெரிந்த கோணலில் பாதி வகிடு என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் வெட்டின் அளவையும் குறைப்பேன். 6 செ.மீ. எடுக்க வேண்டுமென்றால் 4 மட்டும் எடுத்துவிட்டு, மீதி 2 செ.மீ.யைச் சமன்செய்வதற்காக ஒதுக்கி வைப்பது. இந்த ஒதுக்கீடு இருந்தால் திருத்தம் திட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு திருத்தமும் நீளத்தின் கணக்கில்தான் எழுதப்படும்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. அடுக்கடுக்காக லேயர் வெட்டுவது, இறுக்கமான சுருள் முடியை ஈரத்தில் கோடு பார்த்து வெட்டுவது, தலைக்கு முன்னால் நெற்றிக்கு மேலே ஒரே கட்டாகப் பிடித்து அறுப்பது. இந்தக் கடைசியானது முன்முடியை மிகவும் குட்டையாக்கி, பிடரி முடியை மட்டும் நீளமாக விட்டுவிடும். அதைத் திரும்ப ஒரே நீளத்துக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் ஆகும். உச்சியிலோ பக்கங்களிலோ கொத்தாக முடி கொட்டினால், அல்லது வேருக்கு அருகிலேயே முறிந்தால், கத்தரியை எடுப்பதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பிரச்சினை நுனியில் இல்லை.

அக்கா இப்போது ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பின்னும் தரையிலிருந்து மூன்று அளவுகளை ஒரு தாளில் எழுதி வைக்கிறார். அண்மையில் வெட்டியது மறுபடி தங்கைதான். வலப்பக்கத்தில் அரை செ.மீ. கூடுதலாகத் தெரிந்ததாம். இருவரும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.